கொடைவிழாக் கமிட்டியாருக்கு: வில்லுப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கொடுங்கள்

திருநெல்வேலி மாவட்டத்து அம்பை, சேரன்மகாதேவி, நாங்குநேரி வட்டாரங்களில் ஊர்க்கோயில் திருவிழாவான கொடையை நடத்தும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும், அதற்கு வரி கொடுக்கும் வரிதாரர்களுக்கும்,

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடுவீடாய்ப் போய்ப் பார்க்கும் நாங்கள் எழுதுவது.

கொடைக்குச் சென்னை, கோவை, மும்பையிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். மைக் செட்டில் மூன்று நாளும் காதல் பாட்டு. அப்பாவின் கட்டிலருகே கொஞ்சம் உட்கார்ந்து, கண் கலங்கி, மருமகள் கையில் ரூபாயைத் திணித்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். பாசம் இல்லாமலில்லை, அந்தப் பாசத்துக்குக் கைவேலை தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஒரு மணி நேரம் பந்தலைக் கொடுங்கள், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லித் தருகிறோம். முன்வரிசையில் ஆண்கள் உட்காரட்டும்.

முதல் பாடம், திருப்பிப் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்கும் சதையில் இரத்த ஓட்டம் நின்றுபோவதால்தான் படுக்கைப்புண் வருகிறது. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, பின்மண்டை ஆகிய இடங்களைத் தினமும் தொட்டுப் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால் அதுதான் தொடக்கம். அங்கே தேய்த்துவிடக் கூடாது.

அக்குளில் கைகொடுத்து இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகர்ந்து உள்ளே இரத்தக்குழாய்கள் சிதைகின்றன. பழைய எட்டு முழ வேட்டியை நான்காய் மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரியுங்கள். இருபுறமும் இருவர் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். முழுக்க ஒருக்களித்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கடியில் இன்னொன்று, குதிகால் எதிலும் படாதபடி. ரப்பர் வளையம் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி இரத்தத்தை மறிக்கும்.

புண் வந்துவிட்டால் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள் போடாதீர்கள். கொதித்த தண்ணீர் அரை லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, ஆறியபின் கழுவிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்குப் படுத்தவாக்கில் காப்பி ஊற்றுவது ஆபத்து. நீர்த்ததுதான் சட்டென்று புரையேறி நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியில் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்தபிறகே அடுத்த வாய். இருமினாலோ குரல் களகளத்தாலோ நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. கோயில் பொங்கலை ஆசையாய் ஊட்டும்போதும் இதே கணக்குத்தான். மூத்திரக்குழாய் போட்டிருந்தால், அதோடு மாட்டிய பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் கிடக்க வேண்டாம்.

வரிப்பணத்தில் மிஞ்சுவதில், மோட்டாரில் காற்று ஏறி இறங்கும் மெத்தையான ஏர் பெட் ஒன்றும் சக்கர நாற்காலி ஒன்றும் வாங்கிக் கோயில் சாமான் அறையில் வையுங்கள். பாத்திரம் கொடுக்கும் நோட்டிலேயே அதையும் எழுதலாம். ஆனால் ஏர் பெட் வந்துவிட்டதென்று திருப்புவதை விட்டுவிடக் கூடாது. கரண்ட் போனால் அதன் வேலையும் நின்றுவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லி மைக்கில் அறிவியுங்கள். குழாய் ஸ்பீக்கரை நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டாம்.

இன்னொன்று. கொடை இரவுகளில் 12, 2, 4 மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை மகன்கள் எடுத்துக்கொள்ளட்டும். மருமகள் ஒரு வருஷமாவது நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை பார்க்கட்டும்.