அறநெறி வகுப்பின் முதல் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள் என்ற குறை மட்டக்களப்பில் பழையது. வருகிற பிள்ளைகளை நாம் என்ன செய்கிறோம் என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். பார்ப்பதை முழுதாகப் பார்க்கும். பெரியவர்கள் கண்ணை மூடி இருந்து தேடுவதும் அதைத்தான். பாடமாக்கல், சோதினை என்று அதைச் சீக்கிரமே மூடிவிடுகிறோம்.

முதல் பத்து நிமிடம் கொப்பியை எடுக்க விடாதீர்கள். பாயில் வட்டமாக இருத்தி, நடுவில் விளக்கைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சுடர் ஆடினால் கவனமும் ஆடும். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். சின்னப் பிள்ளைகள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு ஏச்சுத்தான் மிஞ்சும். மணியை ஒருமுறை அடித்து, நாதம் முழுக்க அடங்கியதும் கையை உயர்த்தச் சொல்லுங்கள். கைகள் வெவ்வேறு நேரத்தில் எழும். யார் சரி என்று தீர்ப்புச் சொன்னால், அடுத்த கிழமை எல்லாரும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தே உயர்த்துவார்கள். தொடக்கத்தில் இந்த அமைதி இரண்டு நிமிடம் போதும்.

பிறகு சம்பந்தரின் முதல் தேவாரமான 'தோடுடைய செவியன்' பாடலாம். கருத்து பின்னுக்கு வரட்டும். சம்பந்தர் கதையில் நாம் உமையம்மை தந்த ஞானப்பாலோடு நின்றுவிடுகிறோம். யார் தந்த பால் என்று தகப்பனார் கோலை ஓங்கிக் கேட்கிறார்; மூன்று வயதுப் பிள்ளை மறைக்காமல் விரலை நீட்டிச் சிவனைக் காட்டிப் பாடுகிறது. சைவம் சம்பந்தருக்குச் சற்புத்திர மார்க்கம், அதாவது மகன் தகப்பனிடம் நிற்கும் நெறி என்று சொல்வது சும்மா இல்லை. அடிக்குப் பயந்த பிள்ளை அப்படி விரல் நீட்டாது. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று வெருட்டும் வீடுகளில் பிள்ளை முதலில் பழகுவது ஒளிக்கத்தான். 'பாஸ் பண்ணினால் தேங்காய் உடைப்போம்' என்ற பேரமும் அப்படியே. புள்ளி குறைந்த அன்றைக்குச் சாமியும் குறைந்துபோவார்.

கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் கல்நந்தி புல் தின்ற கதையைச் சொன்னால், "கல் எப்பிடிச் சேர் தின்னும்?" என்று ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். வாயை மூடச் சொல்லவும் வேண்டாம், வெறுங்கதை என்று தள்ளவும் வேண்டாம். "ஊர் அப்படித்தான் சொல்லிவருகுது, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நம்பிக்கை இல்லை என்று நினைப்பது பெரிய பிழை. தான் நம்பாத ஒருவரிடம் பிள்ளை ஒன்றும் கேட்காது.

பெற்றோருக்கு ஒன்று. இந்த வெள்ளை மனதைப் பயன்படுத்தப் பார்ப்பவர்களும் உண்டு, காவி உடுத்தவர்களிலும் உண்டு. வகுப்புக் கதவு திறந்திருக்கிறதா, பெரியவர்கள் இரண்டு பேராவது நிற்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். "வீட்டில் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை உடனே வீட்டில் சொல்லவேண்டும் என்பதைத் தேவாரத்துக்கு முன்னமே பழக்கிவிடுங்கள்.

அறநெறி ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.