குப்புறப் படுத்துக் கேட்ட புத்தகங்கள்

மதுரை, பிப்ரவரி 2025

நம் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டாளிகளுக்கு,

வணக்கம். பெயரைப் போட்டு எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டோம் என்று எல்லோரும் மிரட்டியிருக்கிறீர்கள். அதனால் செல்லூர் அக்கா, மெய்ப்பு ஐயா, ஹாஸ்டல் தம்பி என்று நாம் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால் ‘அட விடுங்கண்ணே’ என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம். வக்கீல் குமாஸ்தா ஒருவர் கொடுத்த பத்திரத்தைக் கடையில் ஜெராக்ஸ் மெஷினில் வைத்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ இறங்கியது. டோனர்தான் கொட்டுகிறது என்று நினைத்து மெஷினைத் திறந்து துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கறுப்பு கூடியது. விழித்திரை கழன்றிருக்கிறது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். அன்றைக்கே ஆபரேஷன். கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பினார்கள். வாயு எப்போதும் மேலே ஏறும்; முகத்தைக் கவிழ்த்து வைத்தால்தான் அது பின்பக்கத்து விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். பத்து நாள் குப்புறப் படுக்கை. சோறு, சொட்டு மருந்து, கழிப்பறை தவிர மற்ற நேரமெல்லாம் மொசைக் தரைதான் எனக்குக் காட்சி. அதுவும் மங்கலாக. இடது கண் சின்ன வயதிலிருந்தே அரைக்கண்தான், அதை நம்பி ஒரு வரிகூட வாசிக்க முடியாது.

வந்த நேரத்தைப் பாருங்கள், டிசம்பர். நமக்கு அது என்ன மாதம் என்று உங்களுக்குத் தெரியும். சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் தமிழில் பாதிப் புத்தகம் பிறக்கிறது. வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில் தொடங்குவது, இந்த 48-வது காட்சி டிசம்பர் 27-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பத்து நாள் முந்திக்கொண்டதில் அச்சகம், பைண்டிங், அட்டை ஓவியர் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. அச்சுக்கு முன்னால் படித்துச் சொல்ல நமக்கு முன்பிரதி அனுப்புகிற இரண்டு மூன்று எழுத்தாளர்களும், ‘அஞ்சு நாள்ல சொல்லிருங்க, ஃபைல் அச்சுக்குப் போகுது’ என்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பைத் தட்டிவிட்டார்கள். எனக்குக் கண்ணில் கட்டு. வேறு யாராவது படித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டமே என்னுடைய ஒரு தப்பில் தொடங்கியதுதான். ஐந்து வருடம் முன்னால் ஓர் எழுத்தாளர் தன் நாவலை மூன்று ஸ்பைரல் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். 240 பக்கம். தாள் சிக்கிய பக்கம் ஒன்றை எடுத்துச் சரிபார்க்கப் போய், நான்கு வரி படித்து, கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ஒன்றரை வரை முழுதும் படித்துவிட்டேன். வாடிக்கையாளர் தாளை வாசிப்பது எங்கள் தொழிலில் ஆகாத காரியம். காலையில் அவர் வந்ததும் மனசு கேட்காமல் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. ‘எப்படி இருந்துச்சு?’ என்றுதான் கேட்டார். பதில் சொல்லத் திணறிவிட்டேன். நான் அதுவரை படித்த புத்தகமெல்லாம் யாராவது நல்லது என்றோ மோசம் என்றோ சொன்ன பிறகு கைக்கு வந்தவை. அந்த ஸ்பைரலைப் பற்றி உலகத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ‘இன்னும் நாலு பேர் படிச்சா தேவலை சார்’ என்றேன். அந்த நாலு பேர்தான் இன்றைக்குப் பதினொருவர் ஆகியிருக்கிறோம்.

சரி, டிசம்பருக்கு வருகிறேன். முதலில் போனையே படிக்க வைக்கலாம் என்று ஹாஸ்டல் தம்பி முயன்றான். செய்தியெல்லாம் அழகாகத்தான் படிக்கிறது அந்த இயந்திரப் பெண். ஆனால் நாவலின் பிடிஎஃப் பழைய எழுத்துருவில் தட்டியது. ஒருங்குறி (யூனிகோட்) வந்து இவ்வளவு வருடம் ஆகியும் பக்கம் கட்டுகிற இடத்தில் பழையதை விடமாட்டேன் என்கிறார்கள். அந்த மாதிரி ஃபைலில் கண்ணுக்குத்தான் தமிழ் தெரியும். உள்ளே கிடப்பது ஆங்கில விசை எழுத்து. பாமினி என்கிற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்திருந்தால் இயந்திரத்துக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நாயகன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற இடத்தில் போன் ‘எம் கே கே எச்’ என்று கூவ, நான் தலையணைக்குள் சிரித்து, சிரிக்கக் கூடாது கண் அதிரும் என்று வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அன்று ராத்திரி செல்லூர் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ‘தம்பி, முதல் அத்தியாயம் படிச்சுருக்கேன். கேட்டுட்டு தூங்குங்க.’ 34 நிமிடம். மறுநாள் மெய்ப்பு ஐயா ஓர் அத்தியாயம், அதற்கடுத்த நாள் தம்பி ஒன்று. உங்களுக்குள் முறை போட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெய்ப்பு ஐயா, உங்கள் வாசிப்பைப் பற்றி நான் கட்டாயம் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் பிழை திருத்திய நாக்கு அது. ‘அவள் கதவைத் திறந்து பார்த்தாள், திறந்துக்கு அப்புறம் ப் போட்டிருக்கான், வேண்டாம், வெளியே யாரும் இல்லை, முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு.’ ஒரு கொலை நடக்கிற அத்தியாயம் அது. கத்தி இறங்குகிற வாக்கியத்தில் சந்திப்பிழை இருந்ததால் செத்தவருக்காக வருத்தப்பட எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த அத்தியாயத்தில் நீங்கள் பிடித்த 43 பிழையையும் எழுத்தாளர் திருத்திவிட்டார். அச்சான புத்தகத்தை இப்போது வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

அக்கா படித்தது வேறு மாதிரி. பின்னால் வந்த ஓர் அத்தியாயத்தில், தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுகிற காட்சி. ‘உச்சி வெயில் சுட்டெரிக்க’ என்று எழுத்தாளர் தொடங்குகிறார். அந்த இடத்தில் அக்கா குரல் நின்றது. தொண்டையைச் செருமினார். ‘தம்பி, இது தப்பு. எங்கப்பா இருட்டுலயே எழுப்பிருவாரு. வெயில் ஏறுறதுக்குள்ள கஞ்சி போட்டு நீவி முடிக்கணும். உச்சி வெயில்ல நீட்டுனா நூல் மொடமொடத்துப் பட்டுப் பட்டுன்னு அறுந்துரும். அறுந்த இழையை முடியிறதுக்கே பொழுது போயிரும்.’ பிறகு அவர் நாவலுக்குத் திரும்பவே இல்லை. அப்பா, தறிக்குழி, தார்க்குச்சியில் நூல் சுற்றித் தந்து வாங்கின காசில் தின்ற பலகாரம் என்று இருபது நிமிடம். எழுத்தாளருக்கு அதை அப்படியே அனுப்பினேன். அச்சில் அந்தக் காட்சி கோழி கூவுவதற்கு முன்னால் நடக்கிறது. கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் அரைத்தூக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முன்பிரதியில் அந்தப் பெண் கிடையாது.

அந்த எழுத்தாளருக்கும் என் நன்றி. எல்லோரும் அப்படி இருப்பதில்லை. முன்பு ஒருவர், ‘படிச்சுட்டு நாலு நல்ல வார்த்தை எழுதத்தானே கொடுத்தேன்’ என்று கோபித்துக்கொண்டு போனார். சும்மா வந்த பிரதிக்கு நாம் பட்ட கடன் படித்து முடிப்பது மட்டும்தான். பாராட்டு அந்தக் கணக்கில் வராது என்பதில் நமக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை, பிடிஎஃப் வெளியே போகக் கூடாது என்பதிலும். முழுப் புத்தகத்தை நகல் எடுக்கக் கொண்டுவருகிறவர்களை இப்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறேன். முன்னால் எடுத்துக் கொடுத்தவன்தான் நானும். அதை மறைப்பானேன்.

அடுத்தது அந்த மூட்டை. டிசம்பர் 18-ஆம் தேதியோடு அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டது. குறைந்த காசில் புத்தகம் வந்துகொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது. பதிப்பாளர் ஒருவர் முதல் பைண்டிங்கில் நமக்கென ஆறு பிரதி எடுத்து வைத்துவிட்டு எப்படி அனுப்புவது என்று முழித்திருக்கிறார். புத்தகக் காட்சி நடந்த நந்தனத்தில் வேடிக்கை பார்க்கப் போன நம் புத்தகக்கடை அண்ணன், தன் துணிப்பையைக் காலி செய்து புத்தகத்தை அடுக்கி, பாண்டியன் எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் தலைக்கு வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விடியற்காலையில் ஸ்டேஷனிலிருந்து நேரே என் வீடு. கட்டைப் பிரித்து மூக்குக்குக் கீழே நீட்டினார். பசை வாசனை இன்னும் அடங்கவில்லை. அண்ணே, அந்தப் பையில் இருந்த உங்கள் அழுக்குச் சட்டைகள் எங்கே போயின என்று அண்ணி இன்னும் என்னிடம் விசாரிக்கிறார்.

அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டியது பள்ளிக்கூட டீச்சர். பத்து நாள் கணக்கு முடிந்து நான் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தேன், ஆனால் வாசிக்க இன்னும் அனுமதியில்லை. டீச்சர் நேரில் வந்து படித்தார். கதையில் ஒருவன் கல்யாணம் ஆகாமல் சிங்கப்பூருக்குக் கப்பலேறுகிறான். பக்கம் திரும்பியது. அவனுக்குப் பதினாறு வயதில் மகள்.

‘இவனுக்கு எப்ப டீச்சர் கல்யாணம் ஆச்சு?’

‘இப்பல்லாம் எல்லாத்தையும் சொல்ல மாட்டாங்கண்ணே. நாமதான் இடைவெளியை நிரப்பிக்கணும்.’

எனக்குத் திருப்தியில்லை. தொழில் புத்தி. ‘பக்க எண்ணைச் சொல்லுங்க’ என்றேன். 96. அடுத்தது? 113. சரியாகப் பதினாறு பக்கம்; ஒன்றாக அச்சடித்து மடிக்கிற ஒரு பாரம் முழுதாகக் கோக்காமல் விட்டுப்போயிருந்தது. மற்ற பிரதிகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னோம். மூன்றில் இல்லை. அதில் இரண்டைப் படித்து முடித்திருந்தவர்கள் நம் கூட்டத்திலேயே இரண்டு பேர். ‘காலத்தைத் தாண்டிச் செல்லும் துணிச்சல்’ என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தார். யார் என்று சொல்லமாட்டேன், கவலைப்படாதீர்கள். போன் செய்ததும் பதிப்பாளர் நம் மேல் எரிந்து விழவில்லை, பைண்டிங் ஆபீஸ் மேலும் பழியைத் தள்ளவில்லை. அன்றே போய்க் கட்டைப் பிரித்துப் பார்த்து, விட்டுப்போனதைக் கோத்து, காட்சி முடியும் ஜனவரி 12-க்குள் நல்ல பிரதிகளை ஸ்டாலில் வைத்துவிட்டார். அவருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் இடைவெளிக் கொள்கையை நான் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். ஜனவரி கூட்டத்தில் அந்தத் தறி நாவலுக்காக நான் ஒற்றை ஆளாக நின்று வாதாடினேன், நீங்கள் ஒன்பது பேர் சுமார்தான் என்றீர்கள். போன வாரம் கண்ணாடி வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்தேன். நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நடுவில் தொய்வு. நான் கொண்டாடிய பல இடங்களில் தாளில் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே எனக்குக் கேட்டது அக்காவின் குரல், அவர் விட்ட மூச்சு, பின்னணியில் விசில் அடித்த குக்கர். இருந்தாலும் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. நான் கேட்ட நாவல் நன்றாகத்தான் இருந்தது.

நூலகர் அம்மா, நான் வர முடியாத டிசம்பர் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு அதில் போனை வைத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டீர்களாம். பூட்டுகிற நேரம் தாண்டியும் சாவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். டீக்கடை மாமா அந்தப் போனுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு டீ அனுப்பியிருக்கிறார். கடையை இரண்டு மாதம் நடத்திய என் தங்கச்சி மகனுக்கும், ‘கண்ணு போனாலும் கதை போகாது’ என்று திட்டியபடியே மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டு இயர்போனைக் காதில் சரிசெய்த என் வீட்டுக்காரிக்கும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஹாஸ்டல் தம்பி. நீ மொட்டை மாடியில் பதிவு செய்தாய், நாய் குரைத்தது, கூடல் நகர்ப் பக்கம் கூட்ஸ் வண்டி போனது, எல்லாம் கேட்டது. சிறுகதைத் தொகுப்பில் ஐந்தாவது கதை படிக்கும்போது ஓரிடத்தில் பேச்சு நின்று, சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்தேன். பதினோரு விநாடி. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு மேலே படித்தாய். அந்த இடத்தை இப்போது கண்ணால் பார்த்தேன். அப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஏன் என்று கேட்கப் போவதில்லை.

செமஸ்டர் பரீட்சை வந்துவிட்டதால் கடைசிக் கதையை நீ பாக்கி வைத்திருக்கிறாய். புத்தகம் கல்லாப்பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது, எனக்கும் இப்போது எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பதினெட்டுப் பக்கத்தை மட்டும் நான் திறக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் கடைக்கு வா. மெஷினை நிறுத்திவைக்கிறேன், நீ படி.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடை அண்ணன்