தொலைக்காட்சியின் இரைச்சலும் எர்த் இணைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்த ஒலிபெருக்கியில், சத்தத்தை முழுவதும் குறைத்த பிறகும், கண்ணாடி டம்ளருக்குள் அகப்பட்ட வண்டு போல ஓர் இரைச்சல் மூன்று மாதங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், போர்டையே மாற்ற வேண்டும் என்றார். மனம் ஒப்பாமல், ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்த கேபிள் வயரைத் திருகி எடுத்த அந்த நொடியே இரைச்சல் நின்றது.

தெருவிலிருந்து வரும் கேபிளின் உள்ளிருக்கும் உலோக உறை ஓரிடத்திலும், வீட்டின் மூன்று முனை பிளக் வேறோரிடத்திலும் எர்த் ஆகும்போது, அதாவது தரையோடு இணைக்கப்படும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒலி வயரின் உறை வழியே பாய்ந்து, இரைச்சலாகக் கேட்கிறது. மின்சார வயரைத் தவிர மற்ற எல்லா வயர்களையும் எடுத்த பின்னும் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகுப்புறத்திலிருந்தே சத்தம் வந்தால்தான் உள்ளிருக்கும் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும்.

பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குச் சிலர் யோசனை கூறினர். இரைச்சல் அடங்கலாம், ஆனால் மின்கசிவு ஏற்பட்டால் உயிரே போகும் என்பதால், தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். கேபிள் ஆபரேட்டர்கள் இணைப்புக் கொடுக்கும்போதே கேபிளின் உறையை வீட்டு எர்த்துடன் முறையாகச் சேர்த்துத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.