தவிட்டுக்கு வாங்கிய பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பட்டப்பெயரில் எழுதுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சான்றிதழில் உள்ள பெயரை விட்டு வேறு பெயரில் எழுதுகிற எல்லோரும் முகமூடி போட்டவர்கள் என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக நான் இணையத்தில் ‘தவிட்டுப்பிள்ளை’ என்ற பெயரில் எழுதிவருகிறேன். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் என் மறுப்பு விளங்கும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஓராண்டைத் தாண்டவில்லை. ‘அந்த வீட்டில் பிள்ளை தங்காது’ என்று ஊர் பேசத் தொடங்கியிருந்தது. 1962இல் நான் பிறந்ததும், என்னை ஒரு சுளகில் கிடத்திக் குப்பைமேட்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகள் அத்தனையும் நல்லபடியாகத் தங்கிய கீழவீட்டு ஆச்சி, சொல்லிவைத்தபடி அந்தப் பக்கம் வந்து, ‘யாருக்கும் வேண்டாத பிள்ளை கிடக்கிறதே’ என்று எடுத்துக்கொண்டார். பிறகு என் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து ஆச்சியிடமிருந்து என்னை விலைக்கு வாங்கினாள். முந்தைய இரண்டையும் கொண்டுபோனது எதுவோ, அது இந்தப் பிள்ளையை வேறு வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக்கொள்ளும். மாட்டுக்கு வைக்கிற தவிட்டின் விலைகூடப் பெறாத பிள்ளையை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடும். இதுதான் கணக்கு. அன்று முதல் வீட்டிலும் தெருவிலும் எனக்குத் ‘தவிடு’ என்பதே பெயர்.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆச்சிக்கு என் மேல் உண்மையான உரிமை இருந்தது. பொங்கல்தோறும் அவர் வீட்டுக் கரும்பில் ஒன்று எனக்கென்று வரும். அம்மா என்னை அடித்தால், ‘நான் கொடுத்த பிள்ளை மேல் கை வைக்காதே’ என்று ஆச்சி படியேறி வந்துவிடுவார். என் வளைகாப்பில் முதல் வளையலை அவர்தான் போட்டார். அம்மாவும் அதையே விரும்பினாள். பள்ளியில் ‘தவிடு, தவிடு’ என்று பிள்ளைகள் கேலி செய்து நான் அழுதுகொண்டு வந்த நாளில், என்னைத் தவிட்டுக்கு வாங்கிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னதும் ஆச்சிதான். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்காக நான் அழுததில்லை.

நான் மட்டும் அல்ல. குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்று நம் ஊர்களில் எத்தனை பேர்! சில வீடுகளில் ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று அழைத்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் குதிராம் போஸின் பெயருக்குப் பின்னாலும் இதே கதைதான். வங்காளத்து மிதுனாப்பூர்ப் பகுதியில் 1889இல் பிறந்தவர் அவர். முன்னால் பிறந்த ஆண் பிள்ளைகளை இழந்திருந்த பெற்றோர், மூன்று பிடி நொய்க்கு அவரைத் தமக்கையிடம் விற்றார்கள் என்பார்கள். வங்காள மொழியில் நொய்யைக் ‘குத்’ என்பார்கள்; அந்த நொய்தான் அவருடைய பெயரில் இருக்கிறது. 1908இல் முசாஃபர்பூர்ச் சிறையில் தூக்குமேடை ஏறியபோது அவருக்கு வயது 18. நாடு போற்றுவது அந்தப் பெயரைத்தான்.

இந்தப் பெயர்களில் ஒரு காலத்தின் கணக்கு இருக்கிறது. 1971இல்கூட இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் அது 28ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் ஊர் ஊராகச் சென்ற கிராமச் செவிலியர்களும் பாடுபட்டுக் கொண்டுவந்த மாற்றம் அது. என் பேத்தியை யாரும் தவிட்டுக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்குள்ள மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் இந்தப் பெயரைத் தாங்குகிறவர்களும் எங்கள் தலைமுறையோடு முடிந்துவிடுவார்கள். பெயரை மறைத்தால், தங்காமல் போன அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு என்ன மிஞ்சும்?

இனிச் சான்றிதழ்ப் பெயருக்கு வருகிறேன். எனக்கு முறையாக வைத்தது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த நாள் வழக்கம். அதனால் என் அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட என்னை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. பள்ளியில் சேர்த்தபோதுதான் அது முதன்முதலாக ஏட்டில் ஏறியது. கூடவே ஏறிய பிறந்த தேதி என் பிறந்த தேதி அல்ல. ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டுவதற்காக எழுதிக்கொண்டது. திருமணத்துக்குப் பிறகு அப்பாவின் முதலெழுத்துப் போய்க் கணவரின் முதலெழுத்து வந்தது. எந்தப் பெயர் புனைவு, எந்தப் பெயர் உண்மை என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களுக்கு வரும் கடிதங்களில் சான்றிதழ்ப் பெயர் மட்டும் இருந்தால் தபால்காரர் தெருவில் நின்று விசாரிப்பார். ‘மூக்கையா வீட்டுக்கு எதிர்வீடு’ என்று ஒரு வரி இருந்தால் கடிதம் நேரே போய்ச் சேரும். இணையத்திலும் எனக்கு அதுவே நடந்தது. முதன்முதலாகக் கணக்குத் தொடங்கியபோது என் சான்றிதழ்ப் பெயரில் ஏற்கெனவே பலர் இருந்தார்கள். பெயருக்குப் பின்னால் ஏதாவது எண்ணைச் சேர்க்கச் சொன்னது கணினி. எண்ணை ஒட்டிக்கொள்ள மனம் வராமல் ‘தவிட்டுப்பிள்ளை’ என்று எழுதினேன். சில மாதங்களில் மலேசியாவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: ‘நீ கீழவீட்டு ஆச்சி விற்ற தவிடுதானே?’ தொடக்கப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். என் சான்றிதழ்ப் பெயரும் கணவரின் முதலெழுத்தும் அவளுக்கு எதைச் சொல்லியிருக்கும்? மணமாகி ஊர் மாறி முதலெழுத்து மாறிப்போன பெண்களுக்குப் பழைய தோழிகள் கண்டுபிடிக்கிற அடையாளமாக மிஞ்சுவது சிறுவயதுப் பெயர் ஒன்றுதான். ஆண்களுக்கு இந்த இழப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. கட்டுரையாளரும் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெயரை மறைத்துக்கொண்டு அருவருப்பாக ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. பெண் என்பதால் நானும் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சான்றிதழ்ப் பெயரைக் கட்டாயமாக்குவது அதற்கு மருந்தாகாது. தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்கள் தம்மிடம் எழுதுவோரின் உண்மைப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2012இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. முகநூல் நிறுவனம் அமெரிக்கப் பூர்வகுடிகள் சிலரின் கணக்குகளை, அவர்களுடைய பெயர்கள் உண்மைப் பெயர்களாகத் தோன்றவில்லை என்று முடக்கியதும் நடந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் வைத்த பெயர், அவர்கள் மரபில் வந்த பெயர்! தூரத்தில் இருக்கிற ஒருவர் பார்த்து இது பெயர், இது பெயரல்ல என்று சொல்லத் தொடங்கினால், தவிடும் குப்பையும் பிச்சையும்தான் முதலில் அடிபடும்.

குறுந்தொகையில் அணிலாடு முன்றிலார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் சொன்ன அணில் விளையாடும் முற்றத்தையே பெயராக வைத்தார்கள் நம் முன்னோர். அவரை முகமூடிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களிடம் அவர்களுடைய வீட்டுப் பெயரையும் அது வந்த காரணத்தையும் எழுதி அனுப்பச் சொல்லி, வாரம் ஒன்றாவது வெளியிடுங்கள். அவற்றில் பல எந்த ஏட்டிலும் பதிவாகாதவை. கேட்டுச் சொல்லக்கூடிய ஆச்சிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

கடிதத்தோடு பெயரும் முகவரியும் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் விதி. அவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அச்சில் கீழே உள்ள பெயரையே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தவிட்டுப்பிள்ளை,
கோவில்பட்டி.