சிஸ்டர் புல்விங்கலுக்கு, அந்தச் சாம்பல் நிறக் கவுனைப் பற்றி

அன்புள்ள சிஸ்டர் விவியன் புல்விங்கல் அவர்களுக்கு,

வணக்கம். 2000-லேயே நீங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்கு நீங்கள் கொடுத்த நர்ஸ் கவுனைப் பற்றி உங்களிடம்தான் பேசத் தோன்றுகிறது.

போர் அருங்காட்சியகம் என்றாலே டாங்கியும் பதக்கமும்தான் முன்னால் நிற்கும். எனக்கு அவற்றைவிட இந்தச் சாதாரணப் பருத்தித் துணி பெரிது. அதன் இடுப்புப் பக்கம் குண்டு புகுந்த துளை ஒன்று, வெளியேறிய துளை ஒன்று.

1942 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூர் விழப்போகிற நேரத்தில், 65 ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸ்களோடு வைனர் புரூக் கப்பல் கிளம்பியது. இரண்டே நாளில் ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு போட்டு மூழ்கடித்தன. இன்றைய இந்தோனேசியாவின் பங்கா தீவில், ராட்ஜி கடற்கரையில் கரையேறிய உங்கள் நர்ஸ்கள் 22 பேரையும் 16ஆம் தேதி ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள். பிழைத்த நர்ஸ் நீங்கள் ஒருவர்தான்.

அப்புறம் நீங்கள் செய்ததுதான் என் மனதை விட்டுப் போவதில்லை. இடுப்பில் குண்டுக் காயத்தோடு, காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரைக் காட்டுக்குள் 12 நாள் பார்த்துக்கொண்டீர்கள். இனி வழியில்லை என்று இருவரும் சரணடையப் போனபோது, தண்ணீர்க் குப்பியைத் தோளில் மாட்டி, சரியாக அந்தத் துளையை மறைக்கிற மாதிரி தொங்கவிட்டீர்கள். சுடப்பட்டுப் பிழைத்தவர் என்று தெரிந்தால் உங்களை விட்டுவைக்க மாட்டார்கள். அந்த நிலைமையிலும் எவ்வளவு தெளிவு சிஸ்டர்! மூன்றரை வருடச் சிறைக்குப் பிறகு, 1946-ல் டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சொல்ல உங்களை விடவில்லை. சுடுவதற்கு முன் நர்ஸ்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்றும், அதைப் பேசக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசுத் தரப்பில் உங்களைத் தடுத்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர் லினெட் சில்வர் 2019-ல் வெளியிட்டார். கவுனைக் கவனித்துப் பார்த்தவர்கள் சொல்வதும் அதோடு சேர்கிறது: சில பொத்தான்கள் வேறு நூலால் மறுபடி தைக்கப்பட்டிருக்கின்றன, முன்பக்கம் திறந்திருந்தால்தான் இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

பொத்தான் போனால் தைத்துக்கொள்வோம், அதில் அதிசயமில்லை. துளைகளை மட்டும் ஒட்டுப்போடாமல் அப்படியே கொடுத்தீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

2023-ல் நினைவக வளாகத்தில் உங்களுக்குச் சிலை வைத்தார்கள். ரொம்ப சந்தோஷம், அது தாமதமான மரியாதைதான். என்றாலும் என் ஆசை வேறு. அந்தக் கவுன் எப்போது மக்கள் பார்வைக்கு வந்தாலும், பக்கத்தில் இருக்கும் குறிப்பில் குண்டைப் பற்றி எழுதுகிற அதே எழுத்தளவில் பொத்தான்களைப் பற்றியும் எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் இடமாயிற்றே என்று அதைத் தவிர்க்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் வாசகி