கன்னியாவில் வீரனைக் காப்பாற்றிய அண்ணாவுக்கு நன்றி

மாரி ஓய்ந்து தை வெயில் ஏறினால் திருகோணமலை கன்னியா மலையடிவாரத்துப் பற்றைகளுக்குள் ஆடு சாய்த்துக்கொண்டு போவோம். எங்கள் நாய் வீரன் எப்போதும் முன்னுக்கு ஓடுவான். போன கிழமை, பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கில் அவனுடைய முன்னங்கால் மாட்டிவிட்டது. பெரும்போக நெல் முற்றும் காலம், பன்றிக்குப் பயந்து கட்டுகிறார்கள், சரி. ஆனால் சுருக்குக்குப் பன்றி, நாய், சிறுத்தை எல்லாம் ஒன்றுதான். இழுக்க இழுக்க இறுகும்.

விறகு ஏற்றிக்கொண்டு அந்த வழியால் வந்த அண்ணா, சத்தம் கேட்டதும் மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். வலியில் கடிக்கப் பாய்ந்தவனின் முகத்தைத் துவாயால் மூடினீர்கள். மரத்தோடு கட்டியிருந்த பக்கத்தை முதலில் வெட்டித் தளர்த்தி, பிறகுதான் தோலுக்குள் இறங்கியிருந்த முடிச்சைக் குறட்டால் மெல்ல மெல்ல நெம்பினீர்கள். "பொறு ராசா, முடிஞ்சுது" என்று அவனோடு பேசிக்கொண்டே இருந்தீர்கள். அந்தக் குரலுக்குத்தான் அவன் அடங்கினான்.

ரோட்டுவரை தூக்கிவந்து ஓட்டோவில் ஏற்றிவிட்டீர்கள், பெயர்கூடச் சொல்லவில்லை. இன்னும் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்றார் மிருக வைத்தியர். இப்போது நொண்டி நொண்டி நடக்கிறான்.

உங்கள் துவாயைத் தோய்த்து வைத்திருக்கிறோம். இவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஒருநேரச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டுமாம், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா.