உச்சியிலா, பாதி மலையிலா? கெந்திங் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, கெந்திங்ல எந்த ஹோட்டல் போடலாம்?" என்று கேட்டாய். "எல்லாம் ஒன்னுதான், வெல பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு உறுத்தியது. எல்லாம் ஒன்றில்லை. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் நம் சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மலைக்குப் போகும் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதிவிடுகிறேன்.

நீ சொன்ன திட்டம் இது. அம்மா, நீ, உன் மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான், சென்னையிலிருந்து வரும் சித்தப்பா, சின்னம்மா. எட்டுப் பேர், மூன்று அறை, இரண்டு ராத்திரி. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூங்கா, மச்சானுக்குக் கசினோ என்ற சூதாட்டக்கூடம், அம்மாவுக்குப் பனிமூட்டத்தைப் பார்க்க வேண்டும். மச்சான் உச்சியிலேயே போடச் சொல்கிறார், கசினோவுக்கு லிப்டில் இறங்கினால் போதும் என்று.

நான் வேண்டாம் என்கிறேன். பாதி மலையில் தங்குங்கள். காரணங்களைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவெடு.

முதலில் இடத்தைப் புரிந்துகொள். கெந்திங் உச்சி ஏறக்குறைய 6,000 அடி. உங்கள் ஊர் பினாங்குக் கொடிமலையை விட இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங் கேமரன் மலையில் மின்நிலைய வேலை பார்த்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. குளிர் காற்றுக்காக சனங்கள் அவ்வளவு தூரம் வருகிறார்களே, கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே ஒரு மலை இருந்தால் என்ன என்று தேடிக் கண்டுபிடித்த இடம் இது. 1965இல் வேலை தொடங்கி, 1971இல் முதல் ஹோட்டல் திறந்தார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் உரிமம் உள்ள ஒரே கசினோ அங்கேதான் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து கிளம்பினால், நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம்.

உச்சியில் இருப்பதில் பெரியது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். 7,351 அறை. உலகிலேயே அதிக அறைகள் உள்ள ஹோட்டல் என்று 2015இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விலைக்கு அதுதான் சாதகம். அதற்கு மேல் தரம் வேண்டுமென்றால் கெந்திங் கிராண்ட், இன்னும் மேலே போனால் கிராக்ஃபோர்ட்ஸ். கிராக்ஃபோர்ட்ஸ் நமக்குக் கையைக் கடிக்கும், அதை விட்டுவிடு. ஃபர்ஸ்ட் வேர்ல்டிலிருந்து ஸ்கைஅவென்யூ அங்காடிக்கும் கெந்திங் கிராண்டுக்கும் வெளியே கால் வைக்காமல் நடந்தே போகலாம். மழை பெய்தாலும் நனைய வேண்டாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், சொந்த வண்டி இல்லாமல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இது பெரிய வசதி. அவர்கள் கேட்டால் நான் உச்சியைத்தான் சொல்வேன்.

ஆனால் உன்னோடு அம்மா வருகிறார். ஏழாயிரம் அறைக்கு வந்துபோகும் கூட்டத்தை நினைத்துப் பார். சில வருஷத்துக்கு முன் என் மாமியாரை ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனோம். அறைச்சாவி வாங்க வரிசை வளைந்து வளைந்து நின்றது. உட்கார ஓர் இடம் இல்லை. எழுபத்திரண்டு வயது மனுஷி, பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, முழங்காலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறை கிடைத்த பிறகும் லிப்ட், நடைபாதை, மறுபடி லிப்ட் என்று நடை தீரவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்து எழலாம் என்றுதான் உச்சியில் அறை போட்டோம். போய்வரும் நடைக்குப் பயந்து அவர்கள் மத்தியானம் அறைக்கே போகவில்லை.

அதனால்தான் பாதி மலை என்கிறேன். அங்கே ரிசார்ட்ஸ் வேர்ல்ட் அவானா இருக்கிறது. ஏறக்குறைய 3,000 அடி உயரம், கோல்ஃப் மைதானம், சுற்றிலும் காடு. வேனை வாசலிலேயே நிறுத்தி அம்மாவை இறக்கலாம். குளிர் இருக்கும், ஆனால் எலும்பில் இறங்காது. உச்சியில் ராத்திரி 15 டிகிரி வாக்கில் போய்விடும். ஆஸ்துமா உள்ள அம்மாவுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி மரத்துக்கு மரம் தாவிப் போவது தெரியும். அம்மா கேட்டது அதைத்தானே.

அங்கிருந்து உச்சிக்கு அவானா ஸ்கைவே கேபிள் காரில் போகலாம். நிலையம் வரைக்கும் வண்டியில் போய், அங்கே ஏறிக்கொண்டால் பத்து நிமிஷம்தான். 2016 கடைசியில் திறந்தது, 2.8 கிலோமீட்டர் தூரம். நடுவில் சின் சுவீ கோயிலில் ஒரு நிறுத்தம் உண்டு. அம்மாவை அங்கே கட்டாயம் இறக்கு. ஒன்பது அடுக்குக் கோபுரம் மேகத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சீனக் கோயில்தான், ஆனாலும் என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் கைகூப்பி நின்றார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் முகம் மலர்ந்தது அங்கே மட்டும்தான். இடி மின்னல் வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அங்கே பிற்பகல் மழை சகஜம், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

மலைச்சரிவில் இருக்கும் கோ தோங் ஜெயா என்ற சிற்றூரில் நாள் வாடகைக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைக்கும், எட்டுப் பேருக்கு அது மலிவு என்று நீ சொன்னாய். உண்மைதான். சமைக்கலாம், பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது வண்டி ஓட்ட வேண்டும். மேலே போய்விட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் பனிமூட்டத்தில் அந்த வளைவுகளில் இறங்கிவருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2013 ஆகஸ்டில் அந்த மலைச்சாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். வீடு எடுப்பதானால் எடு, ஆனால் இருட்டிய பிறகு மேலே வண்டி கொண்டுபோகாதே. வண்டியைக் கேபிள் கார் நிலையத்தில் போட்டுவிட்டு ஏறு. இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே.

இனி மச்சான் விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

அப்பா கெந்திங் போன கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. செந்தூல் ரயில்வே பட்டறையில் அப்பாவுக்குத் தீபாவளி முன்பணம் கொடுத்திருந்தார்கள். கூட்டாளிகள் நாலு பேர் ஒரு வண்டியில் மேலே போனார்கள். மறுநாள் காலையில் வந்தார். சட்டையில் சிகரெட் வாடை. அம்மா கோப்பி கலந்து கொடுத்தார், அவர் குடிக்கவில்லை, அது மேலே ஆடை படிந்து ஆறிப்போனது. தையல் கடையில் எங்கள் மூன்று பேருக்கும் துணி வெட்டித் தைத்து வைத்திருந்தார்கள். போய் வாங்கப் பணம் இல்லை. தீபாவளிக்கு முதல்நாள் அம்மா சங்கிலியை அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்து துணியை எடுத்தார்.

பல வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, அப்பா என்னிடம் ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அவர் கையில் லாபம் இருந்ததாம். போதும் என்று எழுந்து அறைக்குப் போய்ப் படுத்தும்விட்டார். தூக்கம் வரவில்லை. "லிப்ட் வாசல்லயே இருந்திச்சும்மா. ரெண்டு நிமிஷம்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி இறங்கிப் போயிருக்கிறார்.

தம்பி, அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் மச்சான் வசதி என்கிறார்.

சிங்கப்பூரில் சொந்த நாட்டுக்காரர்களும் நிரந்தரவாசிகளும் கசினோவுக்குள் போக ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். 2019 வரை 100ஆக இருந்ததை ஏற்றினார்கள். வாசலிலேயே நின்று யோசிக்க வைப்பதற்காக வைத்த கட்டணம் அது. கெந்திங்கில் நமக்கு அப்படி எதுவும் இல்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, மற்றவர்கள் நேராக நடந்து உள்ளே போகலாம். அதனால் அந்தத் தடையை நாமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதி மலையில் அறை இருந்தால் கேபிள் கார்தான் அந்தத் தடை. நள்ளிரவு வாக்கில் அது நின்றுவிடும், கடைசி வண்டிக்கு முன்னால் எழுந்தே ஆக வேண்டும். இறங்கி வந்து படுத்தவருக்குத் தூக்கம் வராவிட்டாலும், மறுபடி மேலே போவது இரண்டு நிமிஷ வேலை இல்லை.

மச்சான் கெட்டவர் இல்லை. அவர் போகட்டும், ஒரு நாள் விளையாடட்டும். போகும் முன் இந்தக் கணக்கை மட்டும் அவருக்குச் சொல். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். எல்லா எண்ணிலும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) வைத்தால் 37 வெள்ளி செலவு. ஓர் எண் விழுந்தே தீரும், அதற்கு 35 வெள்ளியும் வைத்த ஒரு வெள்ளியும் சேர்த்து 36 கையில் வரும். ஒரு வெள்ளி மேசையிலேயே தங்கிவிடும். எத்தனை சுற்று சுற்றினாலும் இதுதான். பக்காரா சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பக்கம் வைத்தால் மேசைக்குப் போவது நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக வரும் என்று பணம் வைக்க 'டை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, எட்டு மடங்கு தருகிறான் என்று ஆசை காட்டும், அதில் நூற்றுக்குப் பதினாலுக்கு மேல் போகிறது. அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்.

அவருடைய கூட்டாளிக்குக் கசினோ உறுப்பினர் அட்டைப் புள்ளியில் அறை சும்மா கிடைத்ததாம். அந்தப் புள்ளி மேசையில் பணம் வைத்தால்தான் ஏறும். அந்த மலையிலேயே விலை கூடிய அறை அதுதான் என்று நினைத்துக்கொள். உங்கள் மூன்று அறைக்கும் நீயே காசு கட்டு.

எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொள். வெள்ளி, சனி ராத்திரி விலை வேறு, திங்கள் முதல் புதன் வரை விலை வேறு. பள்ளி விடுமுறையும் சீனப் பெருநாளும் வந்தால் எல்லா நாளும் சனிக்கிழமை மாதிரிதான். பிள்ளைகள் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போடுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அப்படியானால் விடுமுறையின் நடு வாரத்தில் ஒரு செவ்வாயைப் பார். சித்தப்பா பெயரில் போடும் அறைக்கு வெளிநாட்டவர் சுற்றுலா வரி ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி கேட்பார்கள். நம் அடையாள அட்டைக்கு அது கிடையாது. கடைசி நேரத்தில் கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாம் என்று இதைச் சொல்கிறேன்.

விளையாட்டுப் பூங்கா இரண்டு உண்டு. 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் வெளியில் இருக்கிறது. ஸ்கைட்ரோபோலிஸ் கட்டடத்துக்குள். காலையில் வெளியில் விளையாடவிட்டு, மழை வந்ததும் உள்ளே கூட்டிப்போ. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

வேன் எடுக்காமல் வருவதாக இருந்தால் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரல் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்தே மலைக்கு பஸ் உண்டு. ஆனால் அன்றே மேலே போகாதீர்கள், அம்மாவுக்குக் களைத்துவிடும். ஒரு ராத்திரி நம் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் நான் கட்டித் தருகிறேன். வெள்ளிக்கிழமை மலையில் இருந்தால் அம்மா சைவம், எங்கேயும் தேடி அலைய வேண்டாம்.

மச்சானிடம் நீ பேசத் தயங்கினால் இந்தக் கடிதத்தையே காட்டு. அப்பா கதை அவருக்கும் தெரியட்டும், எனக்கு அதில் வெட்கமில்லை. தேதி முடிவானதும் சொல், நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் பழுப்புக் கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துவா, போன தடவை மறந்துவிட்டுப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது அவருக்குக் கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்புடன்,
அக்கா
செந்தூல், கோலாலம்பூர்